பக்கத்து மனைக்காரர் வேலியைத் தள்ளி நட்டால் அது அத்துமீறல் குற்றமா?

கேள்வியின் சாரம் இது. சொந்த ஊரில் அப்பா வாங்கிப்போட்ட ஐந்து சென்ட் காலி மனை. மகன் வெளியூரில் வேலை பார்க்கிறார். பொங்கலுக்குப் போய்ப் பார்த்தால், பக்கத்து மனைக்காரர் இரண்டடி உள்ளே தள்ளிக் கல்தூண் நட்டுக் கம்பிவேலி போட்டிருக்கிறார். காவல் நிலையத்தில் "இது சிவில் மேட்டர், கோர்ட்டுக்குப் போங்கள்" என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள். இங்கிலாந்தில் இருக்கும் நண்பரோ, டிரெஸ்பாஸ் (அத்துமீறல்) என்பது குற்றமே கிடையாது என்கிறார். ஆனால் நம் ஊரில் வழி நெடுக "அத்துமீறி நுழைவோர் தண்டிக்கப்படுவர்" என்று பலகை தொங்குகிறது. எதை நம்புவது? வேலியை இரவோடு இரவாகப் பிடுங்கிப் போட்டுவிடலாமா? அவருடைய தென்னை மரம் நம் மனைமேல் சாய்ந்து நிற்கிறதே, அதுவும் டிரெஸ்பாஸ்தானா?

உரிமையியல் நீதிமன்றத்தில் நில வழக்குகளை நடத்துகிறவன் என்ற முறையில் சொல்கிறேன். நண்பர், போலீஸ்காரர், பலகை எழுதியவர் மூவர் சொல்வதிலும் பாதி உண்மை இருக்கிறது. மீதிப் பாதி தெரியாததால்தான் பலர் தம் நிலத்தை இழக்கிறார்கள்.

முதலில் ஒன்றைப் புரிந்துகொள்ளுங்கள். அத்துமீறல் பற்றிய சட்டம் சொத்தின் உரிமையாளரைக் காப்பதற்காக இருக்கிறது என்று பொதுவாக நினைக்கிறோம். உண்மையில் அது காப்பது சொத்தைக் கையில் வைத்திருப்பவரை. கிரயப் பத்திரத்தில் "சொத்தை இன்றே தங்கள் சுவாதீனத்தில் ஒப்படைத்துவிட்டேன்" என்று ஒரு வரி வரும். படிக்காமலே தாண்டிப்போகும் அந்த வரியில் உள்ள சுவாதீனம்தான் இந்தச் சட்டத்தின் உயிர். வாடகைக்குக் குடியிருப்பவர் வேலைக்குப் போன நேரத்தில் மாற்றுச் சாவி போட்டு உள்ளே நுழைகிற வீட்டுக்காரர், தன் சொந்த வீட்டுக்குள்ளேயே அத்துமீறியவர் ஆகிறார். தமிழ்நாட்டின் 2017ஆம் ஆண்டு வாடகைச் சட்டம், வீட்டைப் பார்வையிட வருவதென்றால்கூடக் குறைந்தது 24 மணி நேரத்துக்கு முன்பே எழுத்தில் அறிவிக்க வேண்டும் என்கிறது. பட்டாவும் பத்திரமும் பெட்டியில் பத்திரமாக இருக்கின்றன என்று நிம்மதியாக இருப்பவர்கள் இதைத்தான் கவனிக்கத் தவறுகிறார்கள்.

இந்தச் சட்டம் இங்கிலாந்தில் பிறந்தது. 1762 நவம்பரில், லண்டனில் ஜான் என்டிக் என்ற எழுத்தாளரின் வீட்டுக்குள் அமைச்சர் ஒருவரின் ஆணைச்சீட்டோடு அரசரின் ஆட்கள் நுழைந்தார்கள். நான்கு மணி நேரம் பெட்டிகளையும் அலமாரிகளையும் உடைத்துக் காகிதங்களை அள்ளிக்கொண்டு போனார்கள். என்டிக் அவர்கள்மேல் டிரெஸ்பாஸ் வழக்குப் போட்டார். 1765இல் கேம்டன் பிரபு தீர்ப்பளித்தபோது, பிறர் நிலத்தின் புல்லை மிதித்தாலும் அது அத்துமீறல்தான், நுழைந்தவர்தான் தனக்கு அதிகாரம் தந்த சட்டத்தைக் காட்ட வேண்டும் என்றார். அமைச்சரின் சீட்டுக்குச் சட்டத்தில் இடம் இல்லை என்றும் ஆனது. என்டிக்குக் கிடைத்த இழப்பீடு 300 பவுண்டு. நம் வீட்டு வாசலில் அதிகாரி வந்து நின்றால் "உத்தரவு எங்கே?" என்று கேட்கும் உரிமை நமக்கு இருப்பதற்கு இந்த வழக்கும் ஒரு காரணம். எனக்குச் சட்டப் புத்தகங்களில் மிகவும் பிடித்த வழக்குகளில் ஒன்று இது.

கவனியுங்கள், என்டிக் பெற்றது இழப்பீடு; யாரும் சிறைக்குப் போகவில்லை. இங்கிலாந்தில் பிறர் நிலத்துக்குள் வெறுமனே நுழைவது இன்றும் உரிமையியல் தவறுதான். 2012 முதல் குடியிருப்புக் கட்டடத்துக்குள் புகுந்து தங்குவது குற்றமாக்கப்பட்டது. இன்னும் சில விலக்குகள் உண்டு. மற்றபடி உங்கள் நண்பர் சொன்னது அந்த நாட்டுக்குச் சரி.

டிரெஸ்பாஸ் என்றால் நிலம் மட்டுமே நமக்கு நினைவுக்கு வருகிறது. பழைய ஆங்கிலச் சட்டத்தில் அதற்கு மூன்று இலக்குகள்: மனித உடல், பொருள், நிலம். அனுமதியில்லாமல் ஒருவரைத் தொடுவதும் அடைத்துவைப்பதும் உடல்மேல் நடக்கும் அத்துமீறல். இது ஏட்டில் உறங்கும் கோட்பாடு என்று எண்ணிவிட வேண்டாம். 2008இல் உச்ச நீதிமன்றத்துக்கு ஒரு வழக்கு வந்தது. நோயைக் கண்டறியும் லேப்ராஸ்கோப்பி சோதனைக்குச் சம்மதித்து மயக்க மருந்து ஏற்றுக்கொண்ட பெண்ணுக்கு, மயக்கத்தில் இருக்கும்போதே வெளியே நின்ற தாயாரிடம் ஒப்புதல் வாங்கிக் கருப்பையையும் சினைப்பைகளையும் அகற்றிவிட்டார்கள். உயிருக்கு உடனடி ஆபத்து இல்லாதபோது, தானே முடிவெடுக்கக்கூடிய வயதுவந்த ஒருவருக்காக வேறு யாரும் சம்மதம் தர முடியாது, இது அவர் உடலுக்குள் அனுமதியின்றித் தலையிட்டதாகும் என்று நீதிமன்றம் சொன்னது. சோதனைக்குத் தந்த சம்மதம் சிகிச்சைக்குச் செல்லாது. இழப்பீடு வெறும் 25,000 ரூபாய்தான். என் பார்வையில் அது மிகக் குறைவு. ஆனாலும் மருத்துவமனைப் படிவத்தில் கையெழுத்துப் போடும் ஒவ்வொருவரும் அறிந்திருக்க வேண்டிய தீர்ப்பு அது.

இனி நம் நாட்டின் குற்றவியல் சட்டம். 1860இல் இயற்றப்பட்ட இந்திய தண்டனைச் சட்டம் இங்கிலாந்தின் வழியைப் பின்பற்றாமல் அத்துமீறலைக் குற்றமாகவே வைத்தது. ஆனால் ஒரு நிபந்தனையோடு. பழைய 441ஆம் பிரிவு, 2024 ஜூலை 1 முதல், அந்தச் சட்டத்துக்குப் பதிலாக வந்த பாரதிய நியாய சன்ஹிதாவின் 329ஆம் பிரிவாக இருக்கிறது. பிறர் சுவாதீனத்தில் உள்ள சொத்துக்குள் ஒரு குற்றம் செய்யும் நோக்கத்தோடோ, அங்கே இருப்பவரை மிரட்டவோ அவமதிக்கவோ தொல்லைப்படுத்தவோ வேண்டும் என்ற நோக்கத்தோடோ நுழைந்தால்தான் அது குற்ற அத்துமீறல். முறைப்படி உள்ளே வந்தவர் அந்த நோக்கத்தோடு வெளியேற மறுத்தாலும் அதே குற்றம்தான். தண்டனை மூன்று மாதம் வரை சிறை, அல்லது 5,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். குடியிருக்கும் வீடு, வழிபாட்டிடம், பொருள் வைக்கும் கிடங்கு என்றால் சிறை ஓராண்டு வரை போகும். வீட்டுக்குள் உடம்பின் ஒரு பகுதி நுழைந்தாலே போதும். ஜன்னல் வழியாகக் கையை நீட்டினாலும் நுழைந்ததுதான்.

எல்லாம் நோக்கத்தில் போய் நிற்கிறது. "நான் நுழைந்தால் அவருக்குக் கோபம் வரும் என்று எனக்குத் தெரியும்" என்பதும், "அவரைத் தொல்லைப்படுத்தவே நுழைந்தேன்" என்பதும் வேறு வேறு. முதலாவது மட்டும் இருந்தால் குற்றம் ஆகாது என்று மாத்ரி எதிர் பஞ்சாப் மாநிலம் வழக்கில் உச்ச நீதிமன்றம் தெளிவாக்கிவிட்டது. போலீஸ்காரர் "சிவில்" என்று சொல்வதன் நியாயமான பகுதி இதுதான். உங்கள் பக்கத்து மனைக்காரர் "என் மனை அதுவரை இருக்கிறது என்று நினைத்துத்தான் நட்டேன்" என்று ஒரு பத்திரத்தை நீட்டினால், யாருடைய அளவு சரி என்று தீர்ப்பது காவல் ஆய்வாளரின் வேலை இல்லை.

ஆனால் அந்த ஒரு சொல்லால் எல்லாப் புகாரையும் திருப்பி அனுப்புவது பெரிய அநியாயம். நில அளவையர் வந்து எல்லை காட்டிய பிறகும் வேலியை நட்டிருக்கிறாரா? ஆட்களோடு வந்து உங்கள் பூட்டை உடைத்தாரா? மனையைப் பார்த்துக்கொள்ளும் பெரியவரை மிரட்டினாரா? நில அளவைக் கல்லைப் பிடுங்கி எறிந்தாரா? இவற்றில் ஒன்று நடந்திருந்தாலும் நோக்கம் என்ன என்பது வெளிப்பட்டுவிடுகிறது. அரசு ஊழியர் நட்ட எல்லைக்கல்லை நகர்த்துவது அதே சன்ஹிதாவின் 326ஆம் பிரிவில் தனிக் குற்றமும்கூட. ஆகவே புகாரில் "என் நிலத்தை ஆக்கிரமித்துவிட்டார்" என்று மட்டும் எழுதாமல், எந்தத் தேதி, யார் யார் வந்தார்கள், என்ன சொன்னார்கள், எதை உடைத்தார்கள், யார் பார்த்தார்கள் என்று எழுதுங்கள். அதற்குக் கட்டாயம் சி.எஸ்.ஆர். ரசீது (புகாரைப் பெற்றுக்கொண்டதற்கான சீட்டு) கேட்டு வாங்குங்கள். வழக்குப் பதிய மறுத்தால் அதே புகாரைத் தபாலில் காவல் கண்காணிப்பாளருக்கு அனுப்பலாம். அங்கும் அசையவில்லை என்றால் மாஜிஸ்திரேட் நீதிமன்றத்தில் மனுப் போடலாம்.

பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேர்ந்தவர், ஆக்கிரமித்தவர் அப்படி இல்லை என்றால், "சிவில் மேட்டர்" என்ற பேச்சுக்கே இடம் குறைவு. அவர்களின் நிலத்தை முறைகேடாகப் பிடித்துக்கொள்வதும் பயிரிடுவதும் வெளியேற்றுவதும் 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவில் வருகின்றன. ஆறு மாதத்துக்குக் குறையாமல் ஐந்தாண்டு வரை சிறை. தமிழ்நாட்டில், ஆங்கிலேயர் காலத்தில் பட்டியல் சாதியினருக்கென ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலத்தின் கதை தெரிந்தவர்களுக்கு இந்தப் பிரிவு ஏன் வந்தது என்று சொல்ல வேண்டியதில்லை. காகிதத்தில் ஒருவர் பெயர், களத்தில் இன்னொருவர் உழவு என்று தலைமுறைகள் ஓடியிருக்கின்றன.

இப்போது உங்கள் இரண்டடிக்கு வருவோம். முதல் வேலை வக்கீலைப் பார்ப்பதல்ல, அளப்பது. தாலுகா அலுவலகத்தில் உரிய கட்டணம் கட்டி, அத்து (எல்லை) காட்டக் கோரி மனுக் கொடுங்கள், இணையவழியிலும் கொடுக்கலாம். நில அளவையர் அண்டை நிலத்தாருக்கு அறிவிப்புக் கொடுத்துவிட்டு வருவார். அவர் கையில் இருப்பது உங்கள் பத்திரம் இல்லை, புல வரைபடம், எல்லோரும் எஃப்.எம்.பி. என்று சொல்லும் காகிதம். அதில் அளவுகள் மீட்டரில் இருக்கும், உங்கள் பத்திரத்தில் அடியில் இருக்கும். ஒரு சென்ட் என்பது 435.6 சதுர அடி. பத்திரத்தில் "கிழமேல் 40 அடி" என்று எழுதியிருப்பார்கள். களத்தில் தெருமுனைக் கல்லிலிருந்து சங்கிலியோ டேப்போ பிடித்து வந்தால் முப்பத்தொன்பது அடிதான் நிற்கும். அந்த ஓரடி எங்கே போனது என்று பார்த்தால், வரிசையில் நான்காவது மனைக்காரர் என்றோ தள்ளிக் கட்டிய சுவரில் இருக்கும். அதனால் உங்கள் மனையை மட்டும் அளக்கச் சொல்லாதீர்கள். அசையாத கல் எதுவோ அங்கிருந்து தொடங்கச் சொல்லுங்கள். நத்தம் (ஊர்க் குடியிருப்புக்கான நிலம்) மனை என்றால் அதற்கு வேறு வரைபடம் உண்டு, அதையும் கேட்டு வாங்குங்கள். அளக்கும்போது இரு தரப்பும் இருக்கட்டும். கல் நட்டதும் தேதியோடு படம் எடுத்துக்கொள்ளுங்கள்.

பாதித் தகராறுகள் இந்த இடத்தில் முடிந்துவிடுகின்றன. அளவைக் கண்ணால் பார்த்த பிறகு, ஊர்ப் பெரியவர் இருவரை வைத்துப் பேசினால் வேலியைத் தாமே எடுத்துப்போடுகிறவர்கள் நிறைய.

முடியாவிட்டால் நீதிமன்றம். இங்கேதான் ஒரு தவறு திரும்பத் திரும்ப நடக்கிறது. செலவு குறைவு என்று வெறும் உறுத்துக்கட்டளை (தடை உத்தரவு) மட்டும் கேட்டு வழக்குப் போட்டுவிடுகிறார்கள். "என் சுவாதீனத்தில் தலையிடாதே" என்று கேட்க, வழக்குக்குரிய சொத்து உங்கள் சுவாதீனத்தில் இருக்க வேண்டுமே! வேலி போட்ட இரண்டடி இப்போது அவர் கையில் இருக்கிறது. உரிமையே கேள்விக்குள்ளாகி, சுவாதீனமும் போயிருந்தால், உரிமை விளம்புகை (சொத்து உங்களுடையது என்ற அறிவிப்பு), சுவாதீனம் மீட்பு, உறுத்துக்கட்டளை மூன்றையும் சேர்த்தே கேட்க வேண்டும் என்று 2008இல் அனதுலா சுதாகர் வழக்கில் உச்ச நீதிமன்றம் வழிகாட்டியிருக்கிறது. அதே தீர்ப்பில் உங்களைப் போன்றவர்களுக்கு ஓர் ஆறுதலும் இருக்கிறது: யாரும் குடியிருக்காத காலி மனையில், சுவாதீனம் உரிமையுள்ளவரிடமே இருப்பதாகக் கொள்ளப்படும். ஆகவே வேலிக்கு அப்பால் மிச்சமிருக்கும் மனைக்கு நீங்கள் தனியாக எதையும் மெய்ப்பிக்கத் திணற வேண்டியதில்லை.

வழக்குரையோடு அட்வகேட் கமிஷனர் (இடத்தைப் பார்த்து அறிக்கை தர நீதிமன்றம் அனுப்பும் வழக்கறிஞர்) நியமிக்கவும் மனுப் போடுங்கள். அவர் நில அளவையரோடு வந்து அளந்து வரைபடத்தோடு அறிக்கை தருவார். எல்லை வழக்கில் பத்துச் சாட்சிகளின் வாய்மொழியைவிட அந்த ஒரு வரைபடத்துக்கு எடை அதிகம்.

காலக்கெடுவைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சட்டவழியில் அல்லாமல் வெளியேற்றப்பட்டவர், ஆறு மாதத்துக்குள் 1963ஆம் ஆண்டின் குறித்தவகைத் துயர்துடைப்புச் சட்டத்தின் 6ஆம் பிரிவில் வழக்குப் போட்டால், உரிமை யாருக்கு என்ற விசாரணையே இல்லாமல் சுவாதீனத்தைத் திரும்பப் பெறலாம். எதிராளிக்கு மேல்முறையீடும் கிடையாது. அரசுக்கு எதிராக மட்டும் இதைப் பயன்படுத்த முடியாது. இத்தனை கூர்மையான ஆயுதம் பயன்படாமல் துருப்பிடித்துக் கிடப்பதற்குக் காரணம், ஊர்ப் பஞ்சாயத்திலேயே ஆறு மாதம் ஓடிவிடுவதுதான். அதைத் தவறவிட்டாலும், உரிமையின் அடிப்படையில் வழக்குப் போட 12 ஆண்டு அவகாசம் உண்டு. அதற்குள்ளும் விட்டுவிட்டால், எதிரிடை அனுபவம் என்ற வாதம் எழும். வெளிப்படையாகவும் தொடர்ச்சியாகவும் உங்கள் உரிமைக்கு எதிராகவும் 12 ஆண்டு அனுபவித்தேன் என்று அவர் மெய்ப்பித்தால், உங்கள் உரிமையே அழிந்துபோகும். உங்கள் அப்பா "இருந்துவிட்டுப் போகட்டும்" என்று அனுமதித்திருந்தால், அது எதிரிடை அனுபவம் ஆகாது; ஆனால் அந்த அனுமதிக்கு ஒரு கடிதமாவது இருப்பது நல்லது.

பொங்கலன்றுதான் பார்த்தீர்கள், அவர் எப்போது நட்டார் என்று அக்கம்பக்கத்தில் கேட்டுத் தேதியை உறுதிப்படுத்துங்கள். கம்பிவேலி சுவராக மாறுவதற்குள் நீதிமன்றத்தில் நிற்பது நல்லது. கட்டி முடித்த சுவரை இடிக்கும் செயலுறுத்துக் கட்டளை, தாமதமாக வந்தவருக்கு எளிதில் கிடைக்காது.

இரவோடு இரவாகப் பிடுங்கலாமா என்று கேட்டீர்கள். கூடாது. அவர் தூண் நடும்போது நீங்கள் அங்கே இருந்திருந்தால், தடுக்க உரிமை உண்டு; சொத்தைக் காக்கும் தற்காப்புரிமை சட்டத்திலேயே இருக்கிறது, போலீஸை அழைக்க நேரம் இல்லாதபோது, தேவையான அளவுக்கு மட்டும். நட்டு முடித்து, நீங்கள் தெரிந்தும் பேசாமல் இருந்து, அவர் நிலைகொண்டுவிட்டால், கதை மாறிவிடுகிறது. 1975இல் பூரன் சிங் வழக்கில், அத்துமீறி வந்தவர் பயிர் வைத்துவிட்டார் என்றால் உண்மையான உரிமையாளர்கூட அந்தப் பயிரை அழிக்க முடியாது என்றது உச்ச நீதிமன்றம். 2003இல் ராமே கவுடா வழக்கிலும் அதே நிலைப்பாடுதான். அதுவும் அடுத்தடுத்த நிலக்காரர்கள் இருவரின் தகராறு. வேலியைப் பிடுங்கினால், சேதம் விளைவித்த வழக்கில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவர் நீங்களாக இருப்பீர்கள்.

இது உரிமையாளருக்கு அநியாயம் என்று என்னிடம் வழக்குக் கொடுத்த பலர் என்னிடம் கோபப்பட்டிருக்கிறார்கள். எனக்கு இந்த விதியில் முழு நம்பிக்கை உண்டு. சொந்தக் கையால் வெளியேற்றும் உரிமையைச் சட்டம் கொடுத்துவிட்டால், அதைப் பயன்படுத்தப் போகிறவர் ஐந்து சென்ட் வைத்திருக்கும் சம்பளக்காரர் இல்லை. ஐம்பது ஆள் வைத்திருப்பவர். இன்று ஒரு குத்தகை விவசாயியை ஜேசிபியோடு வந்து விரட்ட முடியாமல் இருப்பதற்கும் இதே விதிதான் துணை.

இரு தரப்பும் கம்போடு நிற்கும் நிலை வந்துவிட்டால், வருவாய்க் கோட்டாட்சியர் புதிய குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 164ஆம் பிரிவில் (பழைய சட்டத்தில் 145) விசாரணை நடத்துவார். அவரும் பார்ப்பது யார் உரிமையாளர் என்பதை அல்ல, யாருடைய சுவாதீனத்தில் இருக்கிறது என்பதை. காவல்துறை அறிக்கை அவருக்கு வந்ததற்கு முந்தைய இரண்டு மாதத்துக்குள் வலுக்கட்டாயமாக வெளியேற்றப்பட்டவரை அப்போதும் சுவாதீனத்தில் இருந்ததாகவே கருதலாம்.

பலகையைப் பற்றிக் கேட்டீர்கள். தனியார் மனையில் தொங்கும் பலகை தண்டனை கொடுக்காது. ஆனால் அதைத் தாண்டி வந்தவர் "தெரியாமல் வந்தேன்" என்று சொல்ல முடியாமல் செய்யும், அந்த அளவுக்குப் பயன் உண்டு. உங்கள் மனையிலும் சர்வே எண்ணோடு ஒன்று வையுங்கள். ரயில்வே பலகை அப்படிப்பட்டதல்ல. 1989ஆம் ஆண்டு ரயில்வே சட்டத்தின் 147ஆம் பிரிவுப்படி, உரிமையின்றித் தண்டவாளப் பகுதிக்குள் நுழைவதே குற்றம். தொல்லை தரும் நோக்கம் தேவையில்லை. ஆறு மாதம் வரை சிறை அல்லது 1,000 ரூபாய் வரை அபராதம், அல்லது இரண்டும். மாடுகளுக்கும் ஒரு சட்டம் இருக்கிறது, 1871ஆம் ஆண்டிலிருந்து: பயிரை மேய்ந்த மாட்டைப் பிடித்தவர் 24 மணி நேரத்துக்குள் பட்டியில் கொண்டுபோய் அடைக்க வேண்டும், வீட்டில் கட்டி வைத்துக்கொள்ளக் கூடாது.

கடைசியாகத் தென்னை. மரம் தானாக வளர்ந்து சாய்ந்து உங்கள் மனையின் மேலே வருவது டிரெஸ்பாஸ் வகையில் சேராது. அது இடையூறு என்ற வேறு வகை. உங்கள் எல்லைக்குள் நீண்டிருக்கும் மட்டையை, அவர் மனைக்குள் கால் வைக்காமல், நீங்கள் வெட்டிக்கொள்ளலாம். 1890களில் லெமன் எதிர் வெப் வழக்கில் பிரபுக்கள் சபை வகுத்த விதி இது. விழும் தேங்காய் மரக்காரருக்கே சொந்தம். மரத்தையே வெட்ட உங்களுக்கு உரிமை இல்லை. அது எப்போது வேண்டுமானாலும் விழுந்து ஆளைக் கொல்லும் நிலையில் இருந்தால், கோட்டாட்சியருக்கு மனுக் கொடுங்கள். ஆபத்தான மரத்தை அகற்றவோ முட்டுக் கொடுக்கவோ உத்தரவிட அதே நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 152ஆம் பிரிவில் அவருக்கு அதிகாரம் இருக்கிறது. வேலிக்காகப் போடும் வழக்குரையில் இந்த மரத்தைச் சேர்க்காதீர்கள். இது வேறு மனு, வேறு அலுவலகம்.